பாட்டிக்கும் பத்தாவது படிக்கும் பேரனுக்கும் ஒரே சமயத்தில் மனச்சோர்வு வருமா?

வரலாம், ஆனால் வெளியே தெரியும் விதம் வேறு. நீங்கள் பெங்களூரில் வேலை, உங்கள் அப்பா இறந்த பிறகு பாலக்கோட்டில் உங்கள் அம்மாவும் உங்கள் மகனும் மட்டும் என்கிறீர்கள். பையனுக்குத் தேர்வு பயம், கூடப் படிப்பவர்களோடு ஒப்பீடு. இந்த வயதில் சோர்வு பல சமயம் அழுகையாக வராமல் எரிச்சலாக வரும், நாம் திமிர் என்று திட்டிவிடுகிறோம். அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். துணை போனது, காட்டு வேலைக்குப் போக முடியாதது, யாருக்கும் நான் வேண்டாம் என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்து உடம்பு வலியாக, தூக்கமின்மையாக, சில சமயம் மறதியாகவே தெரியும். வயசானா அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள், சோர்வால் வந்த மறதி சிகிச்சையில் தேற வாய்ப்பு உண்டு. இருவரில் யாருக்காவது இந்த நிலை இரண்டு வாரம் தாண்டினால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கு முன் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.