போக வேண்டிய பியூஸ் போகத்தான் வேண்டும்

பயண வேனும் ட்ரெய்லரும் வைத்திருப்போரின் கடிதங்கள் இந்த முறை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பழைய வேன் ஒன்றில் கட்டில், தண்ணீர்ப் பம்பு, 12 வோல்ட் பிரிட்ஜ் எல்லாம் பூட்டியிருக்கிறோம். நுவரெலியா, அறுகம்குடா என்று போய்வருவோம். கைவசம் இருக்கட்டும் என்று 120 பியூஸ் உள்ள பெட்டி ஒன்றை இணையத்தில் மலிவாக வாங்கினேன். போதும்தானே? (தெமட்டகொடை)

பதில்: எண்ணிக்கை போதும். ஆனால் அந்தப் பெட்டியை நம்பிப் பயணம் போகாதீர்கள்.

பியூஸ் காவல் காப்பது வயரை. 1 சதுர மில்லிமீற்றர் வயருக்கு 10 அம்பியர், 1.5க்கு 15, 2.5க்கு 20 என்று பியூஸ் போடுகிறோம். அதற்கு மேல் ஓடினால் வயர் சூடாகும் முன் பியூஸ் போக வேண்டும். வாகன பியூஸுக்கான ஐ.எஸ்.ஓ. 8820 தரத்தில் இது தெளிவாக இருக்கிறது: குறித்த அளவைப் போல் இரண்டு மடங்கு ஓடினால், இரண்டு தட்டைக் கால்களுள்ள தகட்டு பியூஸ் 5 வினாடிக்குள் போய்விட வேண்டும். மலிவுப் பெட்டிகளில் பல அப்படிப் போவதில்லை. 10 என்று எழுதியது 25 அம்பியரையும் தாங்கிக்கொண்டு நிற்கும். அந்த நேரம் உங்கள் வேனின் பலகைச் சுவருக்குப் பின்னால் வயரின் உறை இளகிக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே காஸ் சிலிண்டர். பணம் கொடுத்து இந்த ஆபத்தை வாங்க வேண்டுமா? நானும் இப்படி ஒரு பெட்டிக்குக் காசு கொடுத்தவன். 5 என்று போட்டதற்கும் 20 என்று போட்டதற்கும் உள்ளே ஒரே தடிப்பில் தகடு இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அளவு கூடக்கூட நடுவிலுள்ள பாலம் தடிப்பாகவோ அகலமாகவோ மாற வேண்டும்.

சோதிக்கவும் வழி இருக்கிறது. வெறும் 12 வோல்ட் பற்றரி ஒன்றை வாகனத்துக்கு வெளியே வையுங்கள். 55 வாட் ஹலஜன் பல்பு இரண்டைப் சமாந்தர இணைப்பில் கொடுத்தால் 9 அம்பியருக்குக் கொஞ்சம் மேல் இழுக்கும். பற்றரிப் பக்கம் நம்பிக்கையான 15 அம்பியர் பியூஸ் ஒன்று, அதன் பிறகு பெட்டியிலிருந்து எடுத்த 5 அம்பியர். நல்ல பியூஸ் உடனேயோ சில வினாடிகளிலோ போய்விடும். ஒரு நிமிடம் கழித்தும் இரண்டு பல்பும் எரிந்துகொண்டிருந்தால் முழுப் பெட்டியையும் குப்பையில் போடுங்கள். பல்பைக் கையால் தொடாதீர்கள், சுட்டுவிடும்.

வாங்க வேண்டியது குறைவுதான். முதலில் வேனிலுள்ள பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து என்ன அளவுகள் இருக்கின்றன என்று எழுதுங்கள். மின்விளக்குக்கு 5, பம்புக்கு 7.5 அல்லது 10, பிரிட்ஜுக்கு 15 என்பது வழமை. உங்கள் பொருளின் கையேடு சொல்வதே முடிவு. ஒவ்வொன்றிலும் மூன்று, பம்புக்கு மட்டும் ஐந்து. லிட்டல்பியூஸ், பஸ்மன் போன்ற பெயர் அச்சிட்டவற்றை மூடிய பக்கற்றில், பில் தரும் கடையில் வாங்குங்கள். பழைய பியூஸ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். சாதாரண தகட்டு பியூஸின் அகலம் 19 மில்லிமீற்றர், மினி 11. மினியிலேயே கால் கட்டையான இன்னொரு வகை உண்டு. நிறம் ஒன்று, பொருத்தம் வேறு.

கேள்வி: 30 அம்பியர் பியூஸின் பிளாஸ்டிக் உருகிவிட்டது, ஆனால் உள்ளே தகடு முழுசாக இருக்கிறது. பியூஸ் போலியா? (வெள்ளவத்தை)

பதில்: பெரும்பாலும் பிழை பியூஸில் இல்லை, அதைப் பிடிக்கும் ஹோல்டரில். கவ்வி தளர்ந்தால் தொடும் இடம் சூடாகும். மின்னோட்டம் கூடாததால் தகடு போகாது, பிளாஸ்டிக்தான் இளகும். கடலோரத்தில் நிறுத்தும் வாகனத்தில் பச்சைக் களிம்பு பிடித்தாலும் இதே கதை. புதிய பியூஸை அதே ஹோல்டரில் செருகினால் அதுவும் உருகும். ஹோல்டரை மாற்றுங்கள், கருகிய வயரைப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி, கிரிம்ப் கருவியால் புதிய முனையை நசுக்கிப் பொருத்துங்கள். தொடர்ந்து ஓடும் சுமை பியூஸ் அளவின் நான்கில் மூன்று பங்குக்குள் இருக்கட்டும்.

கேள்வி: அவசரத்துக்கு, போன பியூஸின் மேல் சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போட்டேன். ஆறு மாதமாக ஒரு பிரச்சினையும் இல்லை. அப்படியே விடலாமா? (மருதானை)

பதில்: தம்பி, இன்றைக்கே கழற்றுங்கள்.

கேள்வி: பம்பின் 10 அம்பியர் பியூஸ் போட்டவுடனேயே போகிறது. 30 போடச் சொல்கிறார் மெக்கானிக். (கொட்டாஞ்சேனை)

பதில்: வேறு மெக்கானிக்கைப் பாருங்கள். பியூஸ் தன் வேலையைச் செய்கிறது, நீங்கள் அதை வாயை மூடச் சொல்கிறீர்கள். பியூஸைக் கழற்றி, அந்த இரண்டு முனையிலும் 21 வாட் இண்டிகேற்றர் பல்பு ஒன்றைக் கொடுங்கள். அது 2 அம்பியருக்கு மேல் ஓட விடாது. பம்பின் வயரைக் கழற்றுங்கள். பல்பு அணைந்தால் கோளாறு பம்பில். தூசு இறுகிச் சுற்றாமல் நின்றாலும் இப்படி இழுக்கும். கழற்றிய பிறகும் பல்பு பிரகாசமாக எரிந்தால் வயர் எங்கோ வாகனத்தின் உலோக உடலில் முட்டுகிறது. தகரத்தைத் துளைத்துப் போகும் இடங்களிலும், ஆணி அடித்த இடங்களிலும் தேடுங்கள். வயரை அசைக்கும்போது பல்பு மினுங்கும் இடமே இடம்.

கேள்வி: ரொறன்ரோவில் மகன் ட்ரெய்லர் வாங்கியிருக்கிறார். பற்றரி மாற்றிய பிறகு 12 வோல்ட்டில் ஒன்றும் வேலை செய்யவில்லை. கறுப்பு வயரைச் சரியாக நெகட்டிவில்தான் பூட்டினாராம். பஞ்சிகாவத்தையில் பியூஸ் வாங்கி அனுப்பட்டுமா? (பம்பலப்பிட்டி)

பதில்: அனுப்ப வேண்டாம் அம்மா, அங்கே எந்த வாகன உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும். கோளாறு அந்தக் கறுப்பு வயரில். வட அமெரிக்க ட்ரெய்லர்களில் பலவற்றில் கறுப்பு பொசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். மாறிப் பூட்டியிருந்தால், மின்பலகையில் 'ரிவர்ஸ் பொலாரிட்டி' (துருவம் மாறுதல்) என்று எழுதிய 30 அல்லது 40 அம்பியர் பியூஸ்கள் போயிருக்கும். அதற்காகவே வைத்தவை அவை. வெளி மின்சாரத்தையும் பற்றரியையும் கழற்றி, வயர் எது என்று வோல்ட் அளக்கும் மீற்றரில் உறுதிப்படுத்தி, அதே அளவில் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள். மறுபடியும் போனால், வெளி மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வேர்ட்டரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: போனால் தானே ஒளிரும் பியூஸ் நல்லதா? (தெஹிவளை)

பதில்: இரவில் உதவும். ஆனால் அந்தச் சுற்றில் சுவிட்ச் அணைந்திருந்தால் போன பியூஸும் ஒளிராது. மீற்றரை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பெயர்பெற்ற நிறுவனத்தின் பெயர் போட்ட பக்கற்றில் வாங்கினேன். எழுத்து தேய்க்கத் தேய்க்க அழிகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று கடைக்காரர் பலகையைக் காட்டுகிறார். மகளின் பயணத்துக்காக வாங்கியது. (வத்தளை)

பதில்: உங்கள் கோபம் முழுவதும் நியாயமானது. போலிப் பொருளுக்கு அந்தப் பலகை கவசமாகாது. பில், பக்கற், பாவிக்காத பியூஸ்கள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்; படமும் எடுங்கள். கடையில் ஒருமுறை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி. நாளைத் தள்ளாதீர்கள். மகள் புறப்படும் முன் வேறு கடையில் நல்லது வாங்கி, அளவு எழுதிய சிறு டப்பாவில் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடும் பியூஸ் கழற்றும் இடுக்கியோடும் சாரதி ஆசனத்துக்கு அருகே வையுங்கள்.