வேதப் புத்தகத்தில் படம் வரைந்தேன், மை ஊறிவிட்டது!

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். சங்கீதம் வாசிக்கும்போது பக்க ஓரத்தில் சின்னதாகப் படம் வரைந்து தியானிக்க ஆரம்பித்தேன். 23ஆம் சங்கீதத்தில் ஜெல் பேனா மை மறுபக்கம் ஊறிவிட்டது. "வேதத்துல கிறுக்குறது பாவம்" என்கிறார் மாமியார். எனக்குப் படமும் சரியாக வராது. ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு 'பைபிள் ஜர்னலிங் கிட்' இருக்கிறது. வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில் (புதுச்சேரியில் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர்):

வாங்காதீர்கள், சகோதரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மை ஊறியது உங்கள் தவறு அல்ல, தாள் அப்படி. ஜெராக்ஸ் தாள் சதுர மீட்டருக்கு 70, 80 கிராம் இருக்கும். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகிற புத்தகம் கையில் அடங்க வேண்டுமே என்று வேதாகமத்தை 30, 40 கிராம் தாளில் அச்சடிக்கிறார்கள். ஜெல் பேனா, ஸ்கெட்ச் பேனா, வாட்டர் கலர் எதையும் அது தாங்காது. கிட் விற்கிறவர் இதற்கும் ஒரு டப்பா வைத்திருப்பார்: 'ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசினால் ஊறாது' என்பார். பூசிப் பார்த்தவன் நான். ஐப்பசி மழையில் கடற்காற்று பட்டதும் இரண்டு பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது கிழிந்தது வசனம்தான். அந்தக் கிட்டில் மிச்சமிருப்பது பூப்போட்ட டேப்பும் ஆங்கில ஸ்டிக்கரும். தமிழில் வாசிக்கிற உங்களுக்கு அவை எதற்கு?

பயிற்சி வகுப்பு என்று அழைப்பவர்களிடமும் கவனமாக இருங்கள். இரண்டு நாள் வகுப்பு ஒன்றுக்கு நானே பணம் கட்டிப் போனேன். முதல் நாள் முழுக்க ஆங்கில எழுத்தை வளைத்து வளைத்து எழுதப் பழக்கினார்கள். வேதத்தைத் திறக்கவே இல்லை. இரண்டாம் நாள் மாலை சான்றிதழ் கொடுத்து, போகும் வழியில் பேனா செட் விற்றார்கள்.

வேண்டியது கோடு போடாத நோட்டு ஒன்று, 2பி பென்சில் ஒன்று, பிள்ளைகளின் கலர் பென்சில் பெட்டி. வேதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோட்டில் வரையுங்கள். மாமியாருக்கும் நிம்மதி.

அவர் மனதில் இருப்பது யாத்திராகமம் 20ஆம் அதிகாரமாக இருக்கலாம். சொரூபம் உண்டாக்க வேண்டாம் என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நமஸ்கரிக்கவும் சேவிக்கவும் வேண்டாம் என்று அடுத்த வசனம் சொல்வதைச் சேர்த்து வாசிக்க வேண்டும். அதே புத்தகத்தின் 25ஆம் அதிகாரத்தில் கேருபீன்களை, அதாவது சிறகுள்ள தூதர்களின் உருவங்களை, பொன்னால் செய்யச் சொல்கிறார் கர்த்தர். 31இல் பெசலெயேல் என்ற கைவினைஞரைப் பேர் சொல்லி அழைக்கிறார்.

வேதத்திலேயே எழுதலாம் என்று நான் ஒப்புக்கொள்வது ஒரே ஒரு இடத்தில். பழைய குடும்ப வேதாகமம் வீட்டில் இருந்தால் முன்பக்கத்து வெற்றுத் தாளைப் பாருங்கள். தாத்தா பாட்டி கல்யாணத் தேதி, பிள்ளைகளின் ஞானஸ்நானம், யாரோ இறந்த நாள் எல்லாம் இருக்கும். உங்கள் மாமியாரின் மாமியார் எழுதியதாகக்கூட இருக்கலாம். அந்தத் தாளில் நீங்களும் தேதி எழுதுங்கள், மூலையில் சின்னதாகப் படமும் போடுங்கள். ஆனால் பென்சிலில் மட்டும். பழைய எழுத்தின் மேல் படக்கூடாது, அழிக்கவும் கூடாது. மங்கிப்போன மையைத் 'தெளிவாக்குகிறேன்' என்று மேலேயே பேனாவை ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு அது தாத்தா கையெழுத்தே இல்லை. படியெடுக்க வேண்டுமா, உங்கள் நோட்டில் எடுங்கள்.

இனி 'படம் வராது' என்கிற கவலை. இதை உங்களுக்குள் ஏற்றியது யார் என்று எனக்குத் தெரியும். ஒரு சபையின் ஓய்வுநாள் பள்ளி ஓவியப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்த இயேசுவுக்குக் கோடு தாண்டாமல் கலர் அடித்த பிள்ளைக்கு முதல் பரிசு. மீன்பிடிக் குடும்பத்துப் பையன் ஒருவன் அலையில் சாய்ந்த படகை மட்டும் வரைந்திருந்தான், ஆளே இல்லை. மாற்கு 4ஆம் அதிகாரத்துப் புயல். 'முடிக்கவில்லை' என்று மார்க்கைக் குறைத்தார்கள். "இயேசு எங்கடா?" என்றேன். "பின்னணியத்துல படுத்துத் தூங்குறாரு சார், இங்கருந்து பாத்தா தெரியாது." அறையில் வசனத்தைக் கவனித்து வாசித்திருந்தது அவன் ஒருவன்தான். என் ஒரு ஓட்டு எடுபடவில்லை. வருடா வருடம் அதே ஜெராக்ஸ்தான் ஓடுகிறது.

நீங்கள் 23ஆம் சங்கீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக மூன்று தரம் வாசியுங்கள். மேய்ப்பரின் முகத்தை வரையப் போகாதீர்கள். அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். "உமது கோலும் உமது தடியும்" என்பதில் நில்லுங்கள். வரைய உட்கார்ந்தால்தான், ஏன் இரண்டு என்று கை கேட்கும். அறுவடை முடிந்த வயலில் கிடை போடுகிற ஆட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள்: நாயை விரட்ட ஒரு கம்பு, எட்டாத கிளையை வளைக்க ஒரு தொரட்டி. தாவீதின் நாட்டு மேய்ப்பர் கையிலும் அடிக்க ஒன்று, வழிநடத்த ஒன்று. இரண்டு கோடு போடுங்கள், போதும். உங்களுக்கு இப்போது எது தேவைப்படுகிறது என்று அதன் கீழே ஒரு வரி எழுதுங்கள். மறுநாள் ஐந்தாம் வசனம்: புல்வெளி போய்ப் பந்தி வந்துவிடும், ஆடாக இருந்தவர் விருந்தாளி ஆகிவிடுவார். வழிகிற பாத்திரத்துக்கு உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரையே வரையலாம். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

ஊறிப்போன பக்கத்தில் ஒயிட்னர் தடவாதீர்கள். எழுத்தையும் மறைத்துவிடும், காய்ந்ததும் உதிரும். மை நன்றாகக் காயட்டும். பிறகு நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வைத்து மூடி, மேலே கனமான புத்தகம் ஒன்றை ஒரு வாரம் ஏற்றி வையுங்கள். கறை போகாது, எதிர்ப்பக்கத்துக்குத் தொற்றாமல் நிற்கும்.