பைராலாய்டு அந்துப்பூச்சிகள் என்றால் என்ன? ஏன் இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள்?

வயிற்றின் அடிப்பகுதியில் 'காது' இருக்கும், உறிஞ்சுகுழலின் அடியில் செதில் மூடிய, பெரும்பாலும் சிறிய அந்துப்பூச்சிகளின் பெருங்கூட்டம் இது. பெயரிட்டவை மட்டும் சுமார் 16,000 இனங்கள்.

காது எதற்கு? வௌவாலின் மீயொலியைக் கேட்டுத் தப்பிக்க. அந்தக் காதே வகைப்பாட்டுக்கும் கைகொடுக்கிறது. பைராலிடே குடும்பத்தில் காதறை கிட்டத்தட்ட மூடியிருக்கும். கிராம்பிடே குடும்பத்தில் அகலமாகத் திறந்திருக்கும். பார்க்க ஒரே மாதிரியான இரண்டு டப்பாக்கள், ஒன்றுக்கு மூடி உண்டு, இன்னொன்றுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கையின் நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். வாழும் விதத்தை நம்பினாலும் அதே கதைதான்.

ஏனென்றால் வாழ்க்கைமுறை அவ்வளவு விதவிதம். நெற்பயிரின் தண்டைக் குடையும் குருத்துப்பூச்சி கிராம்பிடே. தேன்கூட்டைப் பாழாக்கும் மெழுகுப்பூச்சி பைராலிடே. கிராம்பிடேயில் சிலவற்றின் புழுக்கள் தண்ணீருக்குள்ளேயே வளர்கின்றன. எனக்கு இன்றும் வியப்பு தருவது இதுதான். அப்புறம், சப்பாத்திக்கள்ளியை அழிக்க ஆஸ்திரேலியா 1920களில் ஒரு பைராலிடே இனத்தை வேண்டுமென்றே கொண்டுவந்தது, அது வேலையையும் முடித்துக் கொடுத்தது.

அந்துப்பூச்சி என்றதும் துணி அரிப்பதுதான் பலருக்கு நினைவு வரும். ஆனால் கம்பளியை அரிப்பவை டினெயிடே என்ற வேறொரு குடும்பம்.