25 வருடம் 'பார்த்துக்கொண்ட' தங்கச்சி

கேள்வி: எனது ஊர் குருக்கள்மடம். 6 வருடமாகக் கட்டாரில் வேலை. ஓய்வு நேரத்தில் ஒரு விஞ்ஞானப் புனைகதை நாவல் எழுதுகிறேன். செவ்வாயையும் வியாழனின் நிலவுகளையும் ஆளும் ஒரு குடும்பம். நம் மட்டக்களப்புக் குடிமுறையை, அதாவது குலப் பிரிவு முறையை, வைத்தே அதை அமைத்திருக்கிறேன். அரசர் இறந்துவிட, 19 வயது மகன் முடிசூடுமுன் டௌ செட்டி விண்மீனுக்குப் போய், ஒரு வருடம் தங்கி, உடன்படிக்கை செய்துவர வேண்டும். தூரம் 11.9 ஒளியாண்டு. கப்பலின் வேகம் ஒளிவேகத்தில் 99 வீதம். அதுவரை 17 வயதுத் தங்கச்சி ஆட்சியைப் பார்த்துக்கொள்கிறாள். திரும்பும் பயணம் ஒரு பந்திதான். வந்து இறங்கியதும் நடந்ததையெல்லாம் அறிந்து அவன் அதிர்ச்சி அடைகிறான், அவள் சிம்மாசனத்தைத் தர மறுக்கிறாள். முடிசூட்டு விழாவுக்கும் சில அத்தியாயங்கள் எழுதியிருக்கிறேன். இந்தத் துரோகத்தை நம்ப முடியவில்லை என்கிறார்கள் நண்பர்கள். எப்படிச் சரிசெய்வது? அம்மாவைத் தங்கச்சி பார்த்துக்கொள்வதால் எழுத நேரம் கிடைக்கிறது. இந்த வருடமே முடித்துவிட நினைக்கிறேன்.

பதில்: தம்பி, 'பார்த்துக்கொள்' என்ற சொல் உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று இளவரசிக்கு, மற்றது உங்கள் சொந்தத் தங்கச்சிக்கு. நண்பர்கள் கண்ட குறை வேறெங்கும் இல்லை, அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒளிவேகத்தை நெருங்கும் கப்பலில் காலம் மெதுவாக ஓடும். எவ்வளவு மெதுவாக என்பது இப்படி. 0.99ஐ வர்க்கித்தால் 0.9801. அதை ஒன்றிலிருந்து கழித்தால் 0.0199. அதன் வர்க்கமூலம் 0.141. ஒன்றை அதனால் வகுத்தால் 7.09. வீட்டுக் கடிகாரம் ஏழு வருடம் ஓடினால் கப்பல் கடிகாரம் ஒரு வருடம்தான் ஓடும். ஒருவழிப் பயணம் வீட்டில் 12 வருடம், கப்பலில் 1.7 வருடம். போய், ஒரு வருடம் தங்கி, திரும்பி வர அவனுக்கு 4.4 வருடம் ஆகும். வீட்டில் 25 வருடம். அவன் 23 வயதில் இறங்குவான். வாசலில் நிற்கும் தங்கச்சிக்கு 42 வயது. (வேகம் பிடிக்கும் நேரத்தை நீங்கள் விட்டுவிட்டீர்கள். பூமியின் ஈர்ப்புக்குச் சமமாக முடுக்கினால் அந்த வேகத்தை எட்டவே பாதி வழி போய்விடும், ஒருவழிக்குக் கப்பலிலேயே 5 வருடத்துக்கு மேல் ஆகும். கதைக்காக அதை விட்டுவிடலாம்.)

25 வருடம் ஒரு நாட்டை ஆண்டவளைப் 'பார்த்துக்கொண்டாள்' என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? திருவிதாங்கூரில் சேது லட்சுமி பாய் 1924 முதல் 1931 வரை, ஏழே வருடம், மன்னர் சிறுவனாக இருந்ததால் அவருக்காக ஆட்சி நடத்தினார். வைக்கம் கோயிலைச் சுற்றிய வீதிகள் எல்லாச் சாதிக்கும் திறக்கும் சிக்கல் அவர் தலையில்தான் விழுந்தது. ஆண்பிள்ளை வளர்ந்து வரட்டும் என்று அந்தச் சிக்கல் காத்திருக்கவில்லை. உங்கள் இளவரசிக்கோ அண்ணனிடம் கேட்கக்கூட வழியில்லை. 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்று அங்கிருந்து அவன் அனுப்பும் முதல் செய்தி அவளிடம் வரும்போது அவளுக்கு 41 வயது. அதற்குப் பின் ஒரு வருடமும் 44 நாளும் கழித்து அவனே வந்துவிடுவான். தண்ணீர்ப் பங்கீடு, கலகம், பஞ்சம் எதுவானாலும் அவள் தனியாகத்தான் தீர்த்திருப்பாள்.

அடுத்து குடிமுறை. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. குடிப் பெயர்களை எடுத்துக்கொண்டீர்கள், குடியை விட்டுவிட்டீர்கள். மட்டக்களப்பில் பிள்ளைக்குத் தாயின் குடிதான் என்பது உங்களுக்குத் தெரியாதா? ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை என்பதால், தகப்பனும் மகனும் எப்போதும் வேறு வேறு குடி. அரசரின் மகன் முடிசூடினால் அன்றைக்கே ஆட்சி அந்தக் குடியை விட்டு அரசியின் குடிக்குப் போய்விடும். ஆளும் குடி அதற்கு ஒருநாளும் சம்மதிக்காது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் பதவி மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போவது இதனால்தான். மட்டக்களப்பு முக்குவர் சமூகத்தின் வழமைச் சட்டத்தில் முதுசச் சொத்தும் அப்படித்தான் போனது. சட்டத்தில் அது 1876 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தோடு முடிந்தாலும், கோயில் முறையில் குடியும் வயிற்றுவாரும் (குடிக்குள் தாய்வழிக் கிளை) இன்னும் நிற்கின்றன.

ஆகவே இறந்துபோனவர் உங்கள் கதாநாயகனுக்கு அப்பாவாக இருக்க முடியாது, தாய்மாமனாகத்தான் இருக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள், மற்றதெல்லாம் தானாக இடம் மாறும். கதாநாயகனுக்குப் பிறகு முடி யாருக்கு? தங்கச்சியின் மகனுக்கு. 25 வருடத்தில் அந்தப் பிள்ளைக்கு இருபது வயது ஆகியிருக்கலாம். மாமனுக்கு 23, மருமகனுக்கு 20! மாமன் ஆண்டு முடிக்கும்போது மருமகன் கிழவனாகியிருப்பான். அந்தத் தாய் மறுப்பதைத் துரோகம் என்று எந்த ஊரில் சொல்வார்கள்? மாமனுடைய கடமை மருமக்களுக்கு முன்னால் நின்று செய்வது. அவர்களுடைய பங்கில் கை வைப்பதற்கு மாமன் எதற்கு?

திரும்பி வந்து இறங்கியதும் அவன் அதிர்ச்சி அடைவதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் பிழை, இந்த வகைக் கதைகளில் அடிக்கடி நேரும் பிழை. 7.09ஐக் கடிகாரத்துக்குப் போட்டுவிட்டு, செய்தி வரும் வேகத்தை மறந்துவிடுகிறார்கள். கப்பல் வீட்டை நோக்கி வரும்போது செய்திகளை எதிர்கொண்டு வருகிறது. அதற்குக் கணக்கு வேறு: ஒன்றோடு 0.99ஐக் கூட்டினால் 1.99, ஒன்றிலிருந்து கழித்தால் 0.01. 1.99ஐ 0.01ஆல் வகுத்தால் 199, அதன் வர்க்கமூலம் 14.1. கப்பலில் ஒரு நாளைக்கு வீட்டின் 14 நாள் செய்தி வந்து சேரும். அவளுடைய ஒரு வருடம் அவனுக்கு 26 நாள். போகும்போது இது தலைகீழ்: 1.7 வருடப் பயணத்தில் வீட்டின் 44 நாள் செய்திதான் அவனை எட்டும். அங்கே தங்கிய வருடத்தில் இன்னும் ஒரு வருடத்துச் செய்தி. மிச்சம் கிட்டத்தட்ட 24 வருடம் முழுவதும் திரும்பும் இருபது மாதத்துக்குள் கொட்டும். தங்கச்சியின் கலியாணம், பிள்ளைப்பேறு, தாயின் நோய், தாயின் சாவு, அந்தியேட்டிச் சடங்கு எல்லாம். தாய் படுக்கையில் கிடந்த ஒரு வருடத்தை அவன் ஒரு மாதத்துக்குள் கேட்டு முடிப்பான். பதில் அனுப்பினாலும் அவனுக்குச் சற்று முன்னால்தான் வீடு வந்து சேரும்.

அந்த இருபது மாதம் அவன் என்ன செய்தான்? உங்கள் நாவல் அங்கே இருக்கிறது. அந்தப் பயணத்தை ஒரு பந்தியில் தாண்டிவிட்டு, அவளுக்குத் துரோகிப் பட்டம் கட்டப் பார்க்கிறீர்கள். எல்லாம் தெரிந்துகொண்டு வந்து இறங்கியும் முடியைக் கேட்கிறான் என்றால், குற்றம் அவன் பக்கம்.

திருத்தும் வழி இது. முடிசூட்டு விழா அத்தியாயங்களை எடுத்துவிடுங்கள். திரும்பும் பயணத்தைக் குறைந்தது ஆறு அத்தியாயமாக எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் வீட்டில் நாலு வருடம், கப்பலில் மூன்றரை மாதம் போகட்டும். இரண்டு பத்தி போட்ட ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள்: இடப்பக்கம் வீட்டுத் திகதி, வலப்பக்கம் அது அவன் காதுக்கு வந்த கப்பல் திகதி. இரண்டும் பிசகினால் வாசகர் பிடித்துவிடுவார். இளவரசிக்கு ஒரு பெயர் வையுங்கள். கடிதம் முழுக்க அவள் 'தங்கச்சி' மட்டும்தான்.

அவளுடைய அந்த வருடங்களை எப்படி எழுதப் போகிறீர்கள்? உங்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அந்தச் சொல்லை எழுதியிருக்க மாட்டீர்கள். அம்மாவின் கிளினிக் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போய் நம்பர் எடுக்க வேண்டும், காலையில் எத்தனை குளிசை, அன்றைக்குத் தங்கச்சியின் பிள்ளைகளை யார் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது, ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை வெளியில் வாங்கினால் என்ன விலை? வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு. எழுத உட்காருமுன் தங்கச்சிக்குப் போன் எடுத்து இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். மாதாமாதம் காசு அனுப்புகிறேன் என்பீர்கள், நல்லது. நம்பர் எடுக்க விடியப்புறம் வரிசையில் நிற்பது அந்தக் காசு அல்ல, அவள். அடுத்த லீவில் வரும்போது ஒரு மாதம் கிளினிக்குக்கு நீங்கள் கூட்டிப்போங்கள். அடுத்த திகதி அம்மாவின் கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும்.