கோல்ட் (Colt) நிறுவனத்தின் புதிய கோப்ரா ரிவால்வர் வாங்குமுன் கடையில் எதைச் சோதிக்க வேண்டும்?

அமெரிக்காவில் 2017-இல் மறுபடி வந்த கோப்ராவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? 1950-இல் வந்த பழைய கோப்ராவின் சட்டகம் அலுமினியக் கலவை. புதியதில் துருப்பிடிக்காத எஃகு. எடை சுமார் 700 கிராம், இடுப்பில் அந்தக் கனம் தெரியும். ஆனால் இதற்கான .38 ஸ்பெஷல் வகைத் தோட்டாவைச் சுடும்போது உதைப்பு குறையும், அதனால் நான் எஃகைத்தான் சொல்வேன். இந்த அளவு ரிவால்வர்கள் பலவற்றில் 5 தோட்டாதான்; இதில் 6.

சரி, சோதனைக்கு வருவோம். தாழ்ப்பாளைப் பின்னுக்கு இழுத்து (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவன ரிவால்வரில் முன்னுக்குத் தள்ள வேண்டும்) சிலிண்டரை, அதாவது தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையை, திறந்து, 6 அறைகளும் காலியா என்று முதலில் பாருங்கள். மூடியபின் குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே வெளிச்சத்தில் நோக்குங்கள்: இடைவெளி 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள், சுற்றிலும் சீராக இருக்க வேண்டும். அப்புறம் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, ஹேமரை (பின்புறம் உள்ள, தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை) கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். அது முழுதாகப் போய் நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஓர் அறையில் தவறினாலும் அந்தத் துப்பாக்கி வேண்டாம். சுடச் சுடச் சரியாகிவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். விசையின் சொரசொரப்பு பழகப் பழகக் குறையும், பூட்டுப் பிசகு குறையாது.