ஜவ்வரிசி உருண்டைக்குள் என்ன?

வாசகர் கேள்வி - பதில்: வெளியூர்ச் சாப்பாடு

கேள்வி: நானும் கணவரும் 5 நாள் பாங்காக் போகிறோம். சுற்றிப் பார்ப்பதைவிடச் சாப்பிடுவதற்காகத்தான் போகிறோம். நான் சைவம், முட்டையும் கிடையாது. பால், தயிர் உண்டு. அவர் மீன், கோழி சாப்பிடுவார். ஆனால் நிலக்கடலை ஆகாது. போன வருஷம் ஒரு கடையில் தட்டுவடை செட் சாப்பிட்டு உதடு வீங்கி, மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிவரை போக வேண்டியதாயிற்று. "சைவ ஓட்டலாகப் பார்த்துப் போங்க, ரெண்டு பேருக்கும் ஒத்துவரும்" என்கிறார் டூர் ஏஜென்ட். சரிதானா? புளிசாதம் கட்டிக்கொண்டு போகச் சொல்லிவிடாதீர்கள்.
- வாசகி, அழகாபுரம், சேலம்

பதில்: சரியில்லை. பாங்காக்கில் உங்களுக்குப் பத்திரமான கடைதான் பல நேரம் அவருக்கு ஆபத்தான கடை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் 5 நாளையும் திட்டமிட வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரிகிற உதாரணம் சொல்கிறேன். அங்கே தெருவோரத்தில் 'சாகூ சாய் மூ' என்று ஒன்று விற்பார்கள். ஆவியில் வெந்த ஜவ்வரிசி உருண்டை, கண்ணாடிபோல மினுமினுக்கும். மேலே வறுத்த பூண்டு, ஓரத்தில் கீரை இலையும் பச்சை மிளகாயும். நம்ம ஊர் ஜவ்வரிசிதானே என்று கை தானாக நீளும். உள்ளே இருப்பது கொத்திய பன்றி இறைச்சி, உப்பில் ஊறிய முள்ளங்கி, பனைவெல்லம், பொடித்த நிலக்கடலை. சைவக் கடையில் இறைச்சிக்குப் பதில் காளான் வைப்பார்கள். கடலை அப்படியே இருக்கும்.

முதலில் உங்கள் பாடு. தாய் சமையலில் உப்புக்குப் பதில் 'நாம் ப்லா' என்ற மீன் சாஸ்தான் விழும். கறி மசாலா விழுதில் 'கபி' என்ற இறால் விழுது முன்கூட்டியே அரைபட்டிருக்கும். அதனால் "கோழி போடாமல் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும் பச்சைக் கறி (பச்சை மிளகாய் விழுதில் செய்யும் தாய் குழம்பு) சைவம் ஆகாது. நீங்கள் தேட வேண்டியது மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று எழுதிய கடை. தாய் எழுத்து தெரியாதவர் கண்ணுக்கு அது 17 என்ற எண்போலத் தெரியும். ஜே என்றால் மீன், இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லை. பூண்டு, வெங்காயமும் இல்லை. 'மங்சவிரத்' என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள், அதில் முட்டை வரலாம். சீன ஒன்பதாம் மாதத்தில் வரும் ஒன்பது நாள் சைவத் திருவிழாவின்போது நகரமெங்கும் மஞ்சள் கொடிதான். பல வருஷம் அது நம் நவராத்திரியோடு ஒட்டியே வரும். சிலோம் சாலையில் உள்ள மாரியம்மன் கோவிலிலும் அப்போது விழா. தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் அந்த வாரத்தையே எடுங்கள்.

இனி அவர் பாடு. உங்களுடையது தட்டில் என்ன இருக்கிறது என்பது பற்றியது. அவருக்கோ அந்தத் தட்டுக்கு முன்னால் அதே வாணலியில் என்ன வெந்தது என்பதும் கணக்கு. ஜே கடையில் இறைச்சியின் இடத்தைக் காளானோடு சோயாவும் கடலையும் நிரப்பும், ஆகவே அங்கே அவர் சாப்பிட வேண்டாம். பப்பாளிக் காயை இடித்துச் செய்யும் 'சோம் தம்' மண் உரலில் இடிபடும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் உரலைக் கழுவ மாட்டார்கள். கடலை இல்லாமல் கேட்டாலும் முந்தைய கடலை உரலின் நுண்துளையில் இருக்கும். பாட் தாய் (வதக்கிய நூடுல்ஸ்), மசமன் கறி, சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி) இவற்றில் கடலை சேரும், முற்றிலும் தவிர்க்க வேண்டும். பனாங் கறியிலும் பல இடங்களில் கடலை அரைத்திருப்பார்கள். நூடுல்ஸ் கடை மேசையில் சர்க்கரை, மிளகாய்த்தூள், மீன் சாஸ், வினிகர் என்று கிண்ணங்கள் இருக்கும், பக்கத்திலேயே கடலைப் பொடியும் இருக்கும். எல்லோரும் ஒரே கரண்டியை எல்லாவற்றிலும் விடுவார்கள். அந்தக் கிண்ணங்களை அவர் தொடவே கூடாது.

அவருக்கு ஒத்துவருவது, ஒரே பண்டம் மட்டும் செய்யும் கடைகள். வேகவைத்த கோழியும் சோறுமான 'காவ் மன் காய்', உப்பு பூசிச் சுட்ட மீன் 'ப்லா பாவ்' இரண்டும் நல்லவை. மீனோடு தொட்டுக்கொள்ள வரும் கடலைச் சாஸை மட்டும் மேசைக்கே வரவிடாதீர்கள்.

'பே துவா லிசோங்' என்றால் நிலக்கடலை ஒவ்வாமை. வெறும் 'துவா' என்றால் எல்லாப் பயறும் சேரும், அவர்கள் முளைகட்டிய பயறை எடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். உச்சரிப்பை நம்பவும் வேண்டாம்: 'பே' என்பதை நீட்டிச் சொன்னால்தான் ஒவ்வாமை, வெட்டிச் சொன்னால் ஆடு. ஓட்டல் வரவேற்பறையில் தாய் எழுத்தில் இரண்டு அட்டை எழுதி வாங்குங்கள். உங்கள் அட்டையில் மீன் சாஸ், இறால் விழுது, ஆயிஸ்டர் (சிப்பி) சாஸ், முட்டை ஆகாது என்று இருக்கட்டும். அவர் அட்டையில் "சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்து; வாணலி, கரண்டி, உரலில் பட்டாலும் ஆபத்து" என்ற வரி கட்டாயம்.

அட்ரினலின் ஊசி இல்லாமல் விமானம் ஏற வேண்டாம். ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்து, குறைந்தது இரண்டு முறை போடுவதற்கான மருந்தும், ஆங்கிலத்தில் கடிதமும் வாங்கி, இருவருமே போடப் பழகிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 0.5 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். 5 நிமிடத்தில் தணியாவிட்டால் அடுத்தது. அலர்ஜி மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும், மூச்சுத்திணறலை நிறுத்தாது. அவரைப் படுக்க வையுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரலாம். ஆம்புலன்ஸ் எண் 1669. கைக்குச் சானிடைசர் போட்டால் கடலைப் புரதம் போகாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். அந்த 5 நாளும் நீங்களும் கடலையை விட்டுவிடுங்கள்; எச்சில் வழியாகவும் அவருக்குப் போகும்.

சேர்ந்து சாப்பிட வழி இல்லையா என்றால், இருக்கிறது. மால்களில் உள்ள ஃபுட் கோர்ட்டில் ஆளுக்கொரு கடையில் வாங்கி ஒரே மேசையில் உட்காரலாம். 'கனோம் க்ரோக்' சாப்பிடலாம்: அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் குழிக்கல்லில் வார்ப்பது, நம் பணியாரத்தின் சொந்தக்காரர். அதே மாதிரிக் கல்லில் காடை முட்டையும் சுடுவார்கள், அந்தக் கடையில் வாங்காதீர்கள். மாம்பழத்தோடு ஒட்டரிசிச் சோறும் இருவருக்கும் ஆகும். மேலே தூவுவது பெரும்பாலும் வறுத்த பாசிப்பருப்பு. இருந்தாலும் தூவாமல் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்லது, இருவருக்கு மட்டுமான சமையல் வகுப்பு ஒன்றில் ஒரு நாள். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, மண் உரல் வேண்டாம், கழுவிய கல் உரல் வேண்டும் என்று சொல்லுங்கள். பச்சைக் கறி விழுதுக்கு: பச்சை மிளகாய் 10, எலுமிச்சைப்புல் 1 தண்டு, சித்தரத்தை வகைக் கிழங்கு 1 அங்குலம், கொத்தமல்லி வேர் 3, பூண்டு 4 பல், சின்ன வெங்காயம் 3, தனியா 1 டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன். இறால் விழுதுக்குப் பதில் புளித்த சோயா விழுது 1 டீஸ்பூன், மீன் சாஸுக்குப் பதில் வெளிர் சோயா சாஸ். நாரெல்லாம் மசிகிறவரை இடிக்க 15 நிமிடமாவது ஆகும். அவசரப்பட்டால் கறி திப்பிதிப்பியாக நிற்கும். கெட்டித் தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி அதில் விழுதை வதக்குங்கள். பிறகு குழம்பை இரண்டாகப் பிரித்து அவருக்குக் கோழி, உங்களுக்குக் கத்தரிக்காய். பாங்காக்கில் நீங்கள் இருவரும் ஒரே குழம்பு சாப்பிட இதுதான் நிச்சயமான வழி.

கேள்வி: இருவேளை இன்சுலின் போடுகிறேன். மனைவியோடு சிங்கப்பூர் ஹாக்கர் சென்டர்களில் சாப்பிட ஆசை. காபி இல்லாமல் இருக்க முடியாது.
- வாசகர், ஏற்காடு

பதில்: தாராளமாகப் போகலாம். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். சரக்கறையில் போனால் உறையக்கூடும், உறைந்த இன்சுலின் வீண். ஏற்காட்டுக் குளிரில் மேசைமேல் வைத்த பழக்கம் அங்கே ஆகாது, வெயில் படாமல் சின்ன குளிர்ப்பை தேவை. அங்கே மணி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். ஊசி நேரத்தை எப்படி நகர்த்துவது என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியை வரிசையில் நிற்கும்போது போடாதீர்கள். தட்டு மேசைக்கு வந்தபிறகு போடுங்கள், பிரபலமான கடையில் அரைமணி நேரம்கூட நிற்க நேரும். நடையும் வெக்கையும் சேர்ந்து சர்க்கரையை இறக்கும். 3 டீஸ்பூன் சர்க்கரை மடித்துப் பையில் இருக்கட்டும்.

'கோப்பி' என்று மட்டும் கேட்டால் கெட்டியான இனிப்புப் பால் ஊற்றித் தருவார்கள். 'கோப்பி ஓ கோசோங்' என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாதது. பால் வேண்டுமென்றால் 'கோப்பி சி கோசோங்': இனிப்பில்லாத கெட்டிப் பாலோடு வரும். கொட்டையையே சர்க்கரை சேர்த்துக் கருக்கி வறுப்பது அங்கே வழக்கம், ஆகவே தோட்டத்துக் காபியின் மணத்தை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: சிங்கப்பூருக்கு வீட்டுக் குழம்புப் பொடி எடுத்துப் போகலாமா?
- வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: பொடி சரி, ஆனால் கசகசா சேர்த்து அரைத்த பொடி வேண்டாம். அங்கே கசகசா தடை செய்யப்பட்ட பொருள். குருமாப் பொடி, கறி மசாலா இரண்டையும் கசகசா இல்லாமல் தனியாக அரைத்து எடுத்துப் போங்கள்.