ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்களான தாவரச் சேர்மங்கள் வளர்ப்புச் செல்களில் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பெருக்குவது ஏன்?

பாலிஃபீனால்களும் சாலிசிலிக் அமிலமும் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுப்பவை என்று படித்திருக்க, ஆய்வகத்தில் தாவரச் செல் வளர்ப்பில் அவற்றைச் சேர்த்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உயர்வது முரண்பாடு அல்லவா என்பது கேள்வி. உண்மையில் இதில் முரண்பாடு இல்லை. இத்தகைய மூலக்கூறுகள் எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுப்பவை. அந்த எலெக்ட்ரானைப் பெறுவது தீங்கு செய்யும் தனி உறுப்பாக (free radical, இணையற்ற எலெக்ட்ரானைக் கொண்ட மூலக்கூறு) இருந்தால் நாம் அதைப் பாதுகாப்பு என்கிறோம். பெறுவது ஆக்ஸிஜனாகவோ பெராக்சிடேஸ் நொதியாகவோ இருந்தால் விளைவு தலைகீழாகிவிடுகிறது.

மிகத் தெளிவாக ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு, நீர்ம ஊடகத்தில் வளரும் புகையிலைச் செல்களில் சாலிசிலிக் அமிலம் நிகழ்த்தும் மாற்றம். அமிலத்தைச் சேர்த்தவுடனேயே செல்லுக்கு வெளியே சூப்பராக்சைடு (ஓர் எலெக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்ற ஆக்ஸிஜன்) உருவாகிறது. அதைத் தொடர்ந்து செல்லுக்குள் கால்சியம் அயனிகளின் அளவு உயர்கிறது. 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த வரிசையைக் காட்டினார்கள். செல் சுவரில் இருக்கும் பெராக்சிடேஸ், அங்குள்ள சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு ஃபீனால் மூலக்கூறைத் தனி உறுப்பாக மாற்றுகிறது. அந்தத் தனி உறுப்பின் வழியாக எலெக்ட்ரான் ஆக்ஸிஜனைச் சேரும்போது சூப்பராக்சைடு பிறக்கிறது. அது மீண்டும் ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறி நொதிக்கே தீனியாகிறது. அதனால்தான் சிறிய தூண்டலும் பெரிய எழுச்சியாக முடிகிறது.

எல்லாச் சேர்மங்களும் இந்த வழியில் செல்வதில்லை. செல் சுவரின் பெக்டின் சிதைவதால் கிடைக்கும் ஒலிகோகேலக்டுரோனைடுகள் செல் பரப்பில் உணரப்பட்டு, சவ்விலிருந்து சூப்பராக்சைடை உருவாக்கும் என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் நொதியை முடுக்கிவிடுகின்றன. வால்நட் மரத்தின் ஜுக்லோன் என்ற சேர்மம் செல்லுக்குள் நுழைந்து, அங்குள்ள நொதிகளிடமிருந்து எலெக்ட்ரானைப் பெற்று ஆக்ஸிஜனுக்குக் கொடுத்துவிட்டு, மறுபடியும் பெறத் தயாராகிவிடுகிறது. ஆகவே ‘இயற்கைச் சேர்மம்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் இவற்றைச் சேர்த்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

என் பார்வையில், அளக்கப்பட்ட பெராக்சைடு செல் தந்ததா, சேர்மம் தானாகவே ஊடகத்தில் ஆக்ஸிஜனேற்றம் அடைந்ததால் வந்ததா என்பதையே முதலில் கேட்க வேண்டும். கேலேட் தொகுதியுள்ள பாலிஃபீனால்கள் நடுநிலை அல்லது கார ஊடகத்தில் செல்லே இல்லாமல் பெராக்சைடைத் தரக்கூடியவை. தாவரச் செல் ஊடகம் வழக்கமாக 5.8 பிஎச் அளவில் தயாரிக்கப்படுவதால் அந்த வேகம் குறைவுதான். ஆனால் தூண்டப்பட்ட செல்கள் தம்மைச் சுற்றியுள்ள நீர்மத்தின் பிஎச்சை உயர்த்தும் இயல்புடையவை என்பதால், தொடக்க அளவை மட்டும் நம்பியிருக்க முடியாது. எனவே செல் இல்லாத ஊடகத்திலும், கொதிக்கவைத்துக் கொன்ற செல்களிலும் அதே சேர்மத்தை அதே செறிவில் சேர்த்து அளப்பது கட்டாயம். பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்ததும், பெராக்சிடேஸ் உதவியால் பெராக்சைடோடு வினைபுரிந்து ஒளிரும் லூமினாலின் ஒளிர்வு அடங்கினால் பெராக்சைடு இருந்தது என்பது மட்டுமே உறுதியாகும். அது எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. மேலும், ஃபீனால் சேர்மங்கள் லூமினாலோடு பெராக்சிடேஸுக்காகப் போட்டியிடுவதால், ஒளிர்வு குறைவதும் ஏமாற்றக்கூடும்.

தடுப்பான்களையும் இதே எச்சரிக்கையோடு கையாள வேண்டும். டிபிஐ (டைஃபினைலீன் அயோடோனியம்) என்ற தடுப்பானைச் சேர்த்து எழுச்சி நின்றவுடன் என்ஏடிபிஎச் ஆக்சிடேஸே காரணம் என்று முடிவுகட்டுபவர்கள் பலர். ஆனால் டிபிஐ, ஃபிளேவின் என்ற துணைமூலக்கூறைக் கொண்டு இயங்கும் வேறு நொதிகளையும் தடுக்கும். சாலிசில்ஹைட்ராக்சாமிக் அமிலம் போன்ற பெராக்சிடேஸ் தடுப்பானையும் உடன் வைத்து ஒப்பிட்டால்தான் எந்த வழி என்று சொல்ல முடியும்.

புள்ளி நாப்வீட் என்னும் களைச்செடியின் வேர் வெளியிடும் கேட்டசின் என்ற பாலிஃபீனால், அண்டைச் செடிகளின் வேரில் ஆக்ஸிஜனேற்ற அலையைக் கிளப்பிக் கொல்கிறது என்று 2003இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரை பெரிதும் பேசப்பட்டது; 2010இல் அது திரும்பப் பெறப்பட்டது. இன்றும் சிலர் அதை ஆதாரமாகக் காட்டுவதுண்டு. கேட்டசின் குறித்து எழுதுபவர்கள் அதைத் தவிர்த்துவிட்டு, மேலே சொன்ன கட்டுப்பாட்டுச் சோதனைகளைச் செய்துள்ள ஆய்வுகளிலிருந்து தொடங்குவது நல்லது.